கராச் வாசல்: அப்பா விட்டுப்போன 121

இந்த முறை ஒரு கடிதத்துக்கே பக்கத்தின் பெரும்பகுதி போய்விட்டது. மற்றவர்கள் குறை நினைக்க வேண்டாம். கடைசியில் உங்களுக்கும் இடம் வைத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, அப்பா போன ஆவணியில் காலமானார். அவருடைய 2004ஆம் ஆண்டு ரொயோட்டா கொரோலா 121, ஓட்டோ கியர், இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. அவர் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து ஒன்றரை வருடம் கார் கொட்டிலுக்குள்ளேயே நின்றது. மீற்றரில் 148,000 கிலோமீற்றர். புதுப் பற்றரி போட்டவுடன் எஞ்சின் ஸ்ரார்ட் ஆகிவிட்டது. ஆனால் எங்கள் ஒழுங்கையால் போகும்போது முன்பக்கம் இடதுபுறத்தில் "டொக் டொக்" என்று அடிக்கிறது. நின்ற இடத்தில் ஸ்ரியறிங்கைத் திருப்பினால் "கிறீச்" என்று இன்னொரு சத்தம். ஒரு கராச்சில் காட்டினேன். ஓடிப் பார்க்காமலே, இரண்டு ஷொக், எல்லா புஷ், ஸ்ரியறிங் றக் மாற்ற வேண்டும், இரண்டரை இலட்சம் வரும் என்றார்கள். கனடாவில் இருக்கிற அண்ணா "அதை வித்துப்போட்டு வேறை ஒண்டு எடு" என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. எதிலிருந்து தொடங்குவது?
— ஆசிரியை ஒருவர், கோண்டாவில்

பதில்: பிள்ளை, முதலில் அண்ணாவுக்கு ஒரு வரி. 2020 பங்குனியில் நிறுத்திய கார் இறக்குமதியை 2025 மாசியில்தான் திரும்பத் திறந்தார்கள். இப்போது வரியோடு வந்து இறங்கும் காரின் விலையை யாரையாவது விசாரித்து அவருக்கு அனுப்புங்கோ. உங்கள் 121ஐ வித்த காசுக்கு நீங்கள் வாங்கக்கூடியது இன்னொருவருடைய 121தான். உங்கள் காரின் சத்தமாவது உங்களுக்குத் தெரியும். அந்தக் காரின் சத்தத்தை வாங்கின பிறகுதான் கேட்பீர்கள்.

அடுத்தது அந்த இரண்டரை இலட்சம். ஷொக் என்றது சில்லின் குதிப்பை அடக்குகிற குழாய், புஷ் என்றது மூட்டுகளில் இருக்கிற றப்பர், றக் என்றது ஸ்ரியறிங்கின் திருப்பத்தைச் சில்லுக்குக் கொண்டுபோகிற பாகம். ஓடிப் பார்க்காமல் சொன்னார்கள் என்று நீங்கள் எழுதிய சொல்லிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. நாடி பிடிக்காமல் மருந்து எழுதுகிற வைத்தியம் அது. எல்லாவற்றையும் மாற்றினால் சத்தம் போகும்தான். எது போட்ட சத்தம் என்று மாற்றியவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

இதைச் சொல்ல எனக்கும் முழு யோக்கியதை இல்லை. ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் காருக்குப் பின் ஷொக் இரண்டையும் மாற்றிக் கொடுத்தேன். இரண்டு நாளில் திரும்பி வந்தார்: "அண்ணை, அதே சத்தம்தான்." டிக்கியைத் திறந்து கம்பளத்தைத் தூக்கினால், ஸ்பெயார் ரயர் குழிக்குள் ஒரு தேங்காய். நல்லூரில் உடைக்க வாங்கி, மறந்துபோய், முற்றிக் காய்ந்து, ஒவ்வொரு குழிக்கும் உருண்டு போய்த் தகரத்தில் அடித்திருக்கிறது. ஷொக்கின் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்தக் கார் வந்தாலும் ஜக், வீல் பிறேஸ், ஸ்பெயார் ரயர் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் ஓடிப் பார்ப்பது. நீங்களும் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். பற்றரியைப் பிடிக்கிற கம்பி இறுக்கமா என்றும் பாருங்கோ. புதுப் பற்றரி போட்டவர்கள் பழைய கிளாம்பைச் சரியாக மாட்டாமல் விட்டு, அது ஆடிச் சத்தம் போட்ட கார்களும் உண்டு.

உங்கள் கடிதம் கிடைத்ததும் நான் சில கேள்விகள் எழுதி அனுப்பினேன். நீங்கள் அனுப்பிய பதில் ஆசிரியை எழுதிய பதில் மாதிரியே இருந்தது, ஒன்றும் விடுபடவில்லை. மற்ற வாசகர்களுக்கும் உதவும் என்பதால் அதையும் இதில் சேர்த்துக்கொள்கிறேன்.

ஒரு சில்லு மட்டும் குழிக்குள் இறங்கும்போது அடிக்கிறதா, இரண்டு சில்லும் ஒன்றாக ஏறி இறங்கும்போதும் அடிக்கிறதா என்று கேட்டேன். "புகையிரதக் கடவையை நேராகக் கடந்தால் சத்தமே இல்லை. எங்கள் ஒழுங்கையில் இடது சில்லு மட்டும் பள்ளத்தில் இறங்கினால் ஒவ்வொரு முறையும் அடிக்கிறது" என்றீர்கள்.

இந்த ஒரு பதிலே பாதி வேலையை முடித்துவிட்டது. முன்பக்கத்தில் இடது சில்லுக்கும் வலது சில்லுக்கும் இடையே வளைந்த இரும்புத் தடி ஒன்று குறுக்கே ஓடுகிறது. ஸ்ரபிலைசர் பார் என்பார்கள். திருப்பத்தில் கார் ஒருபக்கம் சரியாமல் பிடிப்பது அதன் வேலை. அந்தத் தடியின் இரு நுனியையும் ஷொக்கோடு கோர்ப்பது, ஏறக்குறைய ஒரு சாண் நீளமான சின்ன லிங்க். அதன் இரு முனையிலும் குண்டு மூட்டு. இரண்டு சில்லும் ஒன்றாக ஏறினால் தடி முறுகாமல் சும்மா சுழன்று கொடுக்கும், லிங்கில் பாரம் விழாது. ஒரு சில்லு மட்டும் இறங்கினால் தடி முறுகும், பாரம் முழுவதும் லிங்கின் மூட்டில். மூட்டுக்குள் தேய்ந்து இடைவெளி விழுந்திருந்தால் "டொக்". குழி ஏறும்போது மற்றப் பக்கம் தள்ளும், இன்னொரு "டொக்". நீங்கள் "டொக்" என்று எழுதாமல் "டொக் டொக்" என்று எழுதியதை நான் கவனித்தேன்.

பிறேக்கை மெதுவாக மிதித்துக்கொண்டு அதே பள்ளத்தில் இறக்கச் சொன்னேன். சத்தம் நின்றால் ஆடுவது பிறேக் பாட் அல்லது கலிப்பர் பின். நிற்கவில்லை என்றீர்கள். பிறேக் பிடிக்கும்போதோ, கார் புறப்படும்போதோ ஒரே ஒரு "தொம்" வருகிறதா என்று கேட்டேன். வந்தால், சில்லைக் கீழே தாங்குகிற இரும்புக் கையான கீழ் ஆமின் பின்பக்க புஷ் கிழிந்திருக்கலாம். வரவில்லை. கியரை "பி"யில் இருந்து "ஆர்"க்குப் போடும்போது இடிக்கிறதா என்றும் கேட்டேன், அது எஞ்சினைத் தாங்குகிற எஞ்சின் மவுண்டுக்கு. அதுவும் இல்லை. முழுக்க வளைத்துக்கொண்டு எடுக்கும்போது "டிக் டிக் டிக்" வந்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜொயின்ற். இல்லை.

கடைசியாக, டாஷ்போர்ட் பெட்டிக்குள் ஏதாவது சேவிஸ் கொப்பி இருக்கிறதா என்று கேட்டேன்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டேன். சீ.ஆர். கொப்பி. அட்டைக்கு மண்ணிறத் தாள் போட்டு, பள்ளிக்கூடக் கொப்பி மாதிரி மார்ஜின் கோடு அடித்து, திகதி, மீற்றர், செய்த வேலை, காசு என்று நான்கு நிரல். ஒவ்வொரு 5,000 கிலோமீற்றருக்கும் எஞ்சின் ஓயில். அப்பாவும் ஆசிரியரா? அந்த எழுத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. அதில் 121,400 என்ற இடத்தில் இப்படி இருக்கிறது: "முன் ஷொக் இரண்டும் புதிது. மவுண்ட் பழசே போட்டது."

அந்த ஒரு வரி இரண்டு இலட்சத்துக்குச் சமன். ஷொக் போட்டு 27,000 கிலோமீற்றர்கூட ஆகவில்லை. கசிவும் இல்லை, தண்டு காய்ந்துதான் இருக்கிறது என்று நீங்களே குனிந்து பார்த்துச் சொன்னீர்கள். பிறகு எதற்கு ஷொக்? லிங்க் மாற்றியதாகக் கொப்பியில் எங்கேயும் இல்லை. ஷொக்கின் தலையைக் காரின் உடலோடு பிடிக்கிற மேல் மவுண்டைத்தான் அப்பா எழுதியிருக்கிறார். "மவுண்ட் பழசே" என்றதுதான் உங்கள் இரண்டாவது சத்தம்.

அந்தக் "கிறீச்"சுக்குப் பிறகு வருகிறேன். முதலில் லிங்கை உறுதிப்படுத்துவது எப்படி என்று சொல்கிறேன். கார் நிலத்தில் நிற்க, ஒருவர் கதவுப் பக்கம் நின்று காரை ஒருபக்கமாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் சில்லுக்குப் பின்னால் கையை விட்டு லிங்கின் மூட்டை விரலால் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். காதுக்குக் கேட்காதது விரலுக்குத் தெரியும். நான் வேலை பழகின கராச்சில் முதலாளி மரப்பிடி ஸ்குறூட்றைவரின் நுனியை இரும்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். வைத்தியர் குழாய் வைப்பது போலத்தான். இன்னும் சந்தேகம் என்றால் இரண்டு லிங்கையும் கழற்றிவிட்டு அதே ஒழுங்கையில் மிக மெதுவாக ஒருமுறை ஓடிப் பாருங்கோ. சத்தம் இல்லையென்றால் தீர்ந்தது கதை. லிங்க் இல்லாமல் வேகமாகப் போகக் கூடாது, திருப்பத்தில் கார் சரியும்.

லிங்கை மாற்றும்போது ஒரு சிக்கல் வரும். நட்டைக் கழற்றும்போது உள்ளே இருக்கிற குண்டும் சேர்ந்து சுற்றும். அதைப் பிடிப்பதற்காக ஆணியின் நுனியில் ஆறு மூலைக் குழி ஒன்று இருக்கிறது, அலன் கீ போடுவதற்கு. எங்கள் ஊர் உப்புக் காற்றில் அந்தக் குழி துருப்பிடித்து, கீயைப் போட்டவுடன் வழுக்கிவிடும். முதல் நாள் இரவே துரு எண்ணெய் அடித்து, கம்பித் தூரிகையால் குழியைச் சுத்தம் பண்ணி வைத்தால் பாதி இடத்தில் கழன்றுவிடும். மீதிப் பாதிக்குக் கிறைண்டர்தான். ஷொக்கின் பக்கத்தில் பொறி தெறிக்காமல் ஈரச் சாக்கு வைத்து வெட்டச் சொல்லுங்கோ. ஒரு பக்கம்தான் சத்தம் என்றாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கோ. வலதுபுறமும் அதே வயதுதான்.

இது அச்சுக்குப் போவதற்கு முன்னமே நீங்கள் மாற்றிவிட்டு எழுதிவிட்டீர்கள். லிங்க் இரண்டு, கூலி எல்லாம் சேர்த்து உங்களுக்குச் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை, "டொக் டொக்" போய்விட்டது. நல்லது.

இப்போது அந்தக் "கிறீச்". காரை ஜக்கில் தூக்காமல், எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்ரியறிங்கை மெதுவாகத் திருப்ப, நீங்கள் சில்லுக்கு மேலால் கையை விட்டு ஸ்பிறிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கோ. வளையங்களுக்கு இடையில் விரலைக் கொடுக்காதேங்கோ. ஸ்பிறிங் ஸ்ரியறிங்கோடு சேர்ந்து ஒரே சீராய்த் திரும்பினால் நல்லது. கொஞ்ச நேரம் அடம்பிடித்து நின்று பிறகு "டங்" என்று துள்ளினால் மேலே மவுண்டில் இருக்கிற பெயாரிங் இறுகிப் போயிருக்கிறது. ஷொக் மாற்றின அன்றே அதையும் மாற்றியிருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ஷொக்கைக் கழற்றினால் மவுண்டையும் அதோடு பாருங்கோ. வேலை ஒன்றுதான், கூலியும் ஒன்றுதான். அதுவும் 121இல் மேல் நட்டைப் பிடிக்க வைப்பர் கையைக் கழற்றி, கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பிளாஸ்ரிக்கையும் தகரத்தையும் எடுக்க வேண்டும். இரண்டு தரம் செய்கிற வேலை இல்லை அது. அப்பாவை அன்று காசு தடுத்திருக்கலாம், அல்லது மவுண்ட் கையிருப்பில் இல்லாமல் இருந்திருக்கலாம். எழுதி வைத்தாரே, அது போதும்.

ஸ்பிறிங்கை அமுக்க ஒழுங்கான கொம்பிறசர் இல்லாத கராச்சில் இந்த வேலையைக் கொடுக்காதேங்கோ. கம்பியால் கட்டி அமுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஸ்பிறிங் விடுபட்டால் ஆளைத் தூக்கி எறியும்.

அடுத்து, சில்லைத் தூக்கிப் பார்க்கும் பரிசோதனை. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா? யாரையாவது பிறேக்கை மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லித் திரும்ப ஆட்டுங்கோ. ஆட்டம் நின்றால் சில்லுப் பெயாரிங். நிற்காவிட்டால், கீழ் ஆமைச் சில்லோடு கோர்க்கிற குண்டு மூட்டான போல் ஜொயின்ற். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால், ஸ்ரியறிங்கைச் சில்லோடு கோர்க்கிற ரை றொட் எண்ட் அல்லது றக் எண்ட். போல் ஜொயின்ற் ஆடினால் அன்றைக்கே மாற்றுங்கோ. லிங்க் கழன்றால் சத்தமும் திருப்பத்தில் சரிவும்தான், போல் ஜொயின்ற் கழன்றால் சில்லு மடிந்துவிடும். காரைத் தூக்கி வைக்க ஸ்ராண்ட் வேண்டும். ஓட்டைச் சீமெந்துக் கல்லிலும் சுண்ணக் கல்லிலும் வைத்துவிட்டுக் கீழே படுக்காதேங்கோ, பாரத்தில் சத்தமில்லாமல் நொறுங்கும்.

என்றைக்காவது கீழ் ஆம் புஷ் மாற்றினால், இதை உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கோ: "போல்ட்டைக் கடைசியாய் இறுக்குவது கார் நிலத்தில் நிற்கும்போதா?" சில்லு தொங்கும்போது இறுக்கினால் றப்பர் அந்த நிலையில் பிடிபட்டுப்போகும். பிறகு காரை இறக்கினால் றப்பர் எப்போதும் முறுகியபடியே இருந்து சில மாதத்தில் கிழியும். புதுப் புஷ் ஏன் உடனே போனது என்று பொருளைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் பொருளில் பிழை இல்லை, இறுக்கின நேரத்தில்தான் பிழை.

சரி, சத்தம் முடிந்தது. ஆனால் பிள்ளை, உங்கள் கொப்பியைப் பார்த்தபோது என்னைப் பயமுறுத்தியது சத்தம் இல்லை.

அவ்வளவு ஒழுங்கான கொப்பியில், கடைசிப் பக்கம் வரை, பிறேக் ஓயில் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. எஞ்சின் ஓயில் எத்தனையோ தரம் இருக்கிறது. பிறேக் ஓயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்ற வேண்டும். கடலும் களப்பும் சூழ்ந்த குடாநாட்டில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஈரம் ஏறின ஓயில் சூட்டில் கொதித்தால் ஆவி வரும், பெடல் பஞ்சு போல உள்ளே போகும். உள்ளே துருவும் பிடிக்கும். நான்கு சில்லிலும் பழையது வெளியேறிச் சுத்தமானது வரும்வரை மாற்றச் சொல்லுங்கோ. காரின் பிறேக் ஓயில் டப்பாவின் மூடியில் எழுதியிருக்கிற டொட் 3 வகை போட்டால் போதும். பின் டிரம் இரண்டையும் கழற்றி சிலிண்டர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றரை வருடம் நின்ற காரில் ஹாண்ட் பிறேக் கேபிளும் இறுகியிருக்கும்.

இரண்டாவது ரயர். அதன் மேல்வெட்டைத்தான் பூ என்கிறோம். "பூ நிறைய இருக்கிறது" என்று எழுதினீர்கள். ரயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கிற நான்கு இலக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். 3213. அதாவது 2013ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. பூ இருந்தென்ன? றப்பர் காய்ந்து, பூவின் அடியில் மயிர் போல வெடித்திருக்கிறது. ஒரே இடத்தில் நின்று ஒருபக்கம் சப்பையாகவும் போயிருக்கும். லிங்குக்கும் மவுண்டுக்கும் மிச்சம் பிடித்த காசை ரயருக்குக் கொடுங்கோ. போட்டபின் சில்லுகளை நேராக்குகிற அலைன்மென்ற். அதையும் மவுண்ட் மாற்றி முடித்த பிறகுதான் செய்ய வேண்டும், முதல் செய்தால் திரும்பச் செய்ய வேண்டி வரும்.

எஞ்சின் ஓயில், ஃபில்டரோடு 3.7 லீற்றர். மீற்றர் ஓடாவிட்டாலும் ஓயிலுக்கு வயது போகும், மாற்றுங்கோ. 121இன் 1என்இசட் எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். யாராவது டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும் என்று சொன்னால் அந்தக் கராச்சை விட்டு வெளியே வாங்கோ. வெளியே தெரிகிற டிரைவ் பெல்ட் வேறு, அது வெடித்திருந்தால் மாற்றலாம். கியர் ஓயிலுக்கு ரொயோட்டாவின் ரீ-4 வகை. கீழ் நட்டைக் கழற்றி வந்ததை அளந்து அதே அளவு விடுவது, ஏறக்குறைய 3 லீற்றர். மெஷின் வைத்து முழுவதும் கழுவுகிறோம் என்பார்கள், வேண்டாம். சில ஆயிரம் கிலோமீற்றர் கழித்து இன்னொரு தரம் இதேபோல வடித்து விட்டால் போதும். பழைய பெற்றோல் பாதித் தாங்கி நின்றிருக்கிறது என்றீர்கள். கார் ஓடுகிறது என்றால் புதுசை நிரப்பி ஓட்டுங்கோ. எயார் ஃபில்டர் பெட்டியைத் திறக்கும்போது எட்ட நில்லுங்கோ, கொட்டிலில் நின்ற கார், எலி குட்டி போட்டிருக்கும்.

ஒரு பழைய ஞாபகம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம். சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்து, கார்பரேற்றருக்குள் சில துளி விட்டு ஸ்ரார்ட் பண்ணிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. எஞ்சின் போட்ட சத்தத்தில் புஷ், லிங்க், போல் ஜொயின்ற் எல்லாம் ஒன்றாய்க் கத்தினாலும் கேட்டிருக்காது. அந்தக் காலத்துக் கார்க்காரர் இன்று ஒரு "டொக்"குக்குக் கடிதம் எழுதுகிறார்கள் என்றால், அது நல்ல காலம்தான்.

பத்திரங்களைப் பற்றி: இன்சூரன்ஸ் அப்பாவின் பெயரிலேயே இருந்தால் நிறுவனத்துக்கு அறிவியுங்கோ, விபத்து நடந்தபின் அறிவித்தால் இழுபறி. புகைப் பரிசோதனையும் இன்சூரன்சும் இருந்தால்தான் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம். புகைப் பரிசோதனைக்கு ஓயில் மாற்றி, ஒருநாள் நல்லாய் ஓடி, எஞ்சின் சூடாய் இருக்கும்போது போங்கோ. கொப்பியில் அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கோ. 148,000, லிங்க் இரண்டும் புதிது.

கேள்வி: றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடலாமா? எங்கள் கிணறு நல்ல தண்ணீர்.
— வாசகர், உரும்பிராய்

பதில்: குடிக்க நல்ல தண்ணீர், காருக்குக் கூடாது. எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கோ, வெள்ளையாய்ப் படை பிடித்திருக்கும். அதே படை றேடியேற்றரின் மெல்லிய குழாய்க்குள்ளும் பிடிக்கிறது. ஆனால் அதைச் சுரண்ட முடியாது. கூலன்ற் கலவையாகவே வாங்கி விடுங்கோ, அல்லது கூலன்றோடு பற்றரிக்கு விடுகிற வடித்த நீரைக் கலவுங்கோ. வழியில் அவசரத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் விட்டால் வீடு வந்தபின் வடித்துவிடுங்கோ. சூடாய் இருக்கும்போது மூடியைத் திறக்காதேங்கோ. இதைச் சொல்லாமல் விட்டால் என் முன்கையில் இருக்கிற தழும்பு என்னை மன்னிக்காது.

கேள்வி: என்னுடைய நிசான் சன்னி எஃப்.பி. 15இல் 60க்கு மேல் போனால் "ஊ..." என்று விமானம் மாதிரி இரைகிறது. ஷொக்கா?
— வாசகர், ஊர்காவற்றுறை

பதில்: ஷொக் இரையாது. ஒன்று ரயர், இல்லாவிட்டால் சில்லுப் பெயாரிங். பண்ணைப் பாலத்துக்குப் போகிற நேர் வீதியில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரம், அதே வேகத்தில் மெதுவாக இடமும் வலமும் வளைத்துப் பாருங்கோ. இடப்பக்கம் வளைக்கும்போது பாரம் வலப் பெயாரிங்கில் விழும். அப்போது இரைச்சல் கூடினால் வலதுதான். வளைத்தாலும் மாறாமல் ஒரே மாதிரி இரைந்தால் ரயரைத் தடவிப் பாருங்கோ, ஒருபக்கம் மரம் அரிகிற வாள் மாதிரிப் பல்லாய் இருக்கும். ரயரை முன்பின்னாய் மாற்றிப் போட்டதும் சத்தம் இடம் மாறினால் சந்தேகம் தீர்ந்தது. நீங்கள் தினமும் கடல் நடுவே உப்புக் காற்றில் ஓடுகிறவர். கிழமைக்கு ஒருமுறை காரின் அடிப்பக்கத்தையும் கழுவுங்கோ, அதுவும் உவர் இல்லாத தண்ணீரில். மேல்பெயின்ற் பளபளக்க, கீழே பிறேக் குழாய் துருவால் ஓட்டை விழுந்த தீவுக் கார்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன.

கேள்வி: அப்பப்பாவின் மொறிஸ் மைனர் மாமரத்துக்குக் கீழே நிற்கிறது. ஓடும். முன்பக்கம் ஆடுகிறது, குதிக்கிறது. இதற்கு ஷொக் இப்போது எங்கே கிடைக்கும்?
— இளைஞர் ஒருவர், மானிப்பாய்

பதில்: தம்பி, அதற்கு நீங்கள் நினைக்கிற குழாய் ஷொக் இல்லை. ஆமின் மேலே பிடித்திருக்கிற இரும்புப் பெட்டிதான் ஷொக், உள்ளே எண்ணெய். மேலே ஒரு மூடி இருக்கும். அதைச் சுற்றிச் சேற்றைத் துடைத்துவிட்டுத் திறந்து, ஷொக்குக்கான மெல்லிய எண்ணெயை விடுங்கோ. எஞ்சின் ஓயில் விட்டால் கட்டையாய் நிற்கும். விட்டு ஒரு மாதத்தில் திரும்ப இறங்கினால் தண்டின் சீல் போயிருக்கிறது. பெட்டியைக் கழற்றித்தான் திருத்த வேண்டும்.

குதிப்பது இருக்கட்டும், ஆடுவதைத்தான் முதலில் பாருங்கோ. முன் சில்லைத் தாங்குகிற தண்டின் மேலும் கீழும் புரி வைத்த திரணியன் என்ற மூட்டு இருக்கிறது. கிறீஸ் இல்லாமல் அந்தப் புரி தேய்ந்தால் தண்டு வெளியே வந்து சில்லு உள்ளே மடியும். காரைத் தூக்கி, சில்லுத் தொங்க, ஸ்ரியறிங்கை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி, கிறீஸ் விடுகிற சின்ன வாயான நிப்பிளில் கிறீஸ் அடியுங்கோ. பாரத்தோடு அடித்தால் புரிக்குள் போகாது. நிப்பிள் அடைத்திருந்தால் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவிடுங்கோ. கறுப்பாய் வருகிற பழைய கிறீஸ் முடிந்து, நீங்கள் போடுகிற நிறமே விளிம்பால் பிதுங்கும்வரை பம்ப் அடிக்க வேண்டும். அதன்பிறகும் சில்லு ஆடினால் வீதிக்கு எடுக்காதேங்கோ.